அக்காவின் வேம்புக்கு மூச்சு வந்தது

வேப்பமரத்து மேடையை உடைத்த அன்று மாமா இருந்தார். அக்காவின் மகள் தேன்மொழி இருந்தாள். டீச்சர் இருந்தார், பூசாரி இருந்தார், எதிரில் இருக்கும் காம்ப்ளெக்ஸின் முதலாளி மனைவியோடு வந்து குடை பிடித்து நின்றார். துபாயில் இருக்கும் அண்ணன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நின்றிருக்க வேண்டிய அக்கா மட்டும் இல்லை. அவர் எங்களை விட்டுப் பிரிந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

முதலாம் ஆண்டு நினைவாக நாங்கள் அச்சிட்ட இந்த மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களில் பலர் பெரம்பலூரில் அக்காவின் வேப்பமரத்தடியில் நின்று மோர் குடித்திருப்பீர்கள். அதைச் சுற்றி மேடை ஏன் வந்தது, ஏன் போனது என்று எல்லோருக்கும் தெரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வாலிகண்டபுரம் பக்கம். எங்கள் பெற்றோருக்குக் கூலி வேலை. ஐந்தாம் வகுப்போடு அக்கா பள்ளியை விட்டு, பருத்தி எடுக்கப் போனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். அதற்கு வழி செய்தவர் அவர். பெரம்பலூரில் இஸ்திரி வண்டி வைத்திருந்த மாமாவைக் கல்யாணம் செய்த பிறகு, வாரம் தவறாமல் என் சட்டைகளைத் தேய்த்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். "கசங்குன சட்டையோட போனா கடைசி பெஞ்சுல தள்ளிடுவாங்கடா" என்பார். நான் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்.

மாமாவின் வண்டி நின்ற தெருவில் அப்போது மரமே கிடையாது. இரண்டு பக்கமும் கட்டடம், நடுவில் தார் ரோடு. வாங்கிய வெயிலைச் சுவர்கள் இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். வந்த முதல் சித்திரையிலேயே அக்கா மாமாவிடம் கேட்டாராம்: "ஏங்க, தலைக்கு மேல தகரம், கைக்குக் கீழ கரி, காலுக்குக் கீழ தாரு. நாம துணியைத் தேய்க்கிறமா, நம்மள யாராச்சும் தேய்க்கிறாங்களா?"

ஊருக்குப் போய் ஒரு வேப்பங்கன்றைப் பிடுங்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நட்டார். சீக்கிரம் வளரும் அழகுச் செடி எதையாவது வைக்கலாமே என்றிருக்கிறார் மாமா. "வெயிலு வந்து அழகையா பாக்கப்போவுது? நம்ம மண்ணுல மொளைக்கிறதுதாங்க இந்தக் காய்ச்சலுக்குத் தாங்கும்" என்று அக்கா முடித்துவிட்டார்.

அதோடும் நிற்கவில்லை. பால் பாக்கெட்டுகளில் புங்கங்கன்று போட்டு வளர்த்து, தேய்த்த துணி மூட்டையோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புவார். வாங்கிப் போனவர்களை விடவும் மாட்டார். "சார், கன்னு பட்டுப்போச்சாமே? சட்டையில மடிப்பு நிக்கணும்னா வூட்டு வாசல்ல மரம் நிக்கணும்." இன்று அந்தத் தெருவில் நிற்கும் புங்கமரங்கள் எல்லாம் அந்த மிரட்டலில் வளர்ந்தவை. அவை வளர்ந்து நிழல் கூடிய பிறகு மத்தியானத்திலும் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் வந்தது. ஆட்டோக்காரர்கள் வேப்பமரத்தடியை விட்டு நகர மறுத்தார்கள்.

பிறகு எதிரே காம்ப்ளெக்ஸ் கட்டினார்கள். கடைப் பெயர்ப் பலகையை மரம் மறைக்கிறதென்று ஒரு காலை ரம்பத்தோடு ஆள்கள் வந்தார்கள். அக்கா மன்றாடிப் பார்த்தார்; கேட்கவில்லை. கயிறு கட்டப் போனபோது வண்டியிலிருந்து ஒரு மஞ்சள் சேலையை உருவி மரத்தைச் சுற்றிக் கட்டி, நெற்றிக் குங்குமத்தை எடுத்து அடிமரத்தில் அப்பிவிட்டார்.

"அம்மன் எறங்கியிருக்கா. வெட்டுறவன் வெட்டு."

ரம்பம் வந்த வழியே போய்விட்டது. சேலைதான் பிரச்சினை. அது இஸ்திரிக்கு வந்த டீச்சரின் பட்டுச் சேலை. சாயங்காலம் டீச்சர் வந்து கேட்டார்.

"எங்கம்மா என் சேலை?"

"அந்தா, அம்மன் கட்டியிருக்கா டீச்சர்."

"கல்யாணத்துக்குப் போகணும்மா நான்!"

"வேற கட்டிட்டுப் போங்க டீச்சர். அவளுக்கு மாத்துச் சேலை இல்ல."

டீச்சர் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "என்னைவிட அவளுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று சொல்லிப் போனவர், இன்றுவரை அந்தச் சேலையைப் பற்றிப் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வந்தது. பூசாரி வந்தார். வேண்டுதல் பலித்ததென்று சிலர் சொன்னார்கள். அடுத்த வருடம் ஊர் கூடி, அம்மனுக்கு மேடை கட்டிவிட்டது. வேர் தெரியாமல், அடிமரத்தை ஒட்டி நாலு பக்கமும் சிமெண்டு, மேலே வழுவழு டைல்ஸ். டைல்ஸ் கொடுத்தவர் வேறு யாருமில்லை, காம்ப்ளெக்ஸ் முதலாளியேதான். அவர் வீட்டம்மாவின் வேண்டுதல்.

வேம்பு மாசியில் உதிர்த்துப் பங்குனியில் தளிர்க்கும். அந்தப் பங்குனியில் பாதி மரம் தளிர்க்கவில்லை. தெருப்பக்கக் கிளைகள் விறகாக நின்றன. வண்டிமேல் வெயில் திரும்ப வந்தது. ஊற்றிய தண்ணீர் டைல்ஸில் வழிந்து சாக்கடைக்குப் போனது. நான் அரியலூரில் சிமெண்டு ஆலையில் எடைமேடை வேலை பார்க்கிறேன். "உன் சிமெண்டுதான்டா அது கழுத்தை நெரிக்குது" என்றார் அக்கா. மேடையை உடைக்கச் சொன்னால் அம்மன் கதையை உடைக்க வேண்டும்; கதை உடைந்தால் ரம்பம் திரும்ப வரலாம். இரண்டுக்கும் நடுவில் அவர் தவித்ததை நான் பார்த்தேன்.

அதே கோடையில் அக்காவுக்கு இருதயம் பழுதுபட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலி அதிகம் இல்லாமல், பேசிக்கொண்டே இருந்துதான் போனார். அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். கடைசியாக என்னிடம் பேசியது மரத்தைப் பற்றித்தான்.

"அந்த மேடையை எடுத்துடுடா. அம்மனுக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்லு."

"இன்னும் ஒரு பொய்யாக்கா?"

"இது நெசந்தான்டா. நீயே போய்ப் பாரு."

காரியம் முடிந்து, தெருக்காரர்களைக் கூட்டி, அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். சத்தம் கிளம்பியது. அம்மன் கோவித்துக்கொண்டால் யார் பொறுப்பு என்றார்கள். பூசாரி, பூ கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் மேடையைத் தொடக்கூடாது. பொட்டலம் மடித்தவர் டீச்சர். எடுத்தவள் தேன்மொழி. பிரிக்கும்போது மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளை.

இன்னொரு பொட்டலத்தை டீச்சர் பிரிக்காமலே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதில் என்ன பூ என்று நானும் கேட்கவில்லை.

முதல் கடப்பாரையைப் போட்டது முதலாளிதான். "டைல்ஸு என்னுது, நாந்தான் எடுக்கணும்" என்றார். அடியில் மண் வெளிவந்ததும் தேன்மொழி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். கண்ணெதிரே மண் அதைக் குடித்தது. மாமா அன்றுதான் அழுதார்.

இந்தப் பங்குனியில் காய்ந்து நின்ற கிளைகளில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் தளிர்த்துவிட்டன. சித்திரையில் மாமாவின் வண்டி மறுபடியும் முழு நிழலில் நின்றது. அம்மனும் அங்கேயே இருக்கிறார், வெறும் மண்ணில், பக்கத்தில் ஒரு சொம்போடு. விளக்கு ஏற்றுகிறவர் ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்ற வேண்டும். அக்காவுக்கு இதைச் சொல்ல முடிந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

அக்காவை ஆஸ்பத்திரியில் தாங்கிப் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், கன்று வாங்கிப் போய் மரமாக்கிய தெருவாருக்கும், அம்மனுக்குச் சேலை தந்த டீச்சருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

மேடையை உடைத்த அன்று வேலை செய்த யாரும் கூலி வாங்கவில்லை. அம்மனுக்கு மாற்றுச் சேலை, எல்லோருக்கும் டீ, வடை. மரம் பிழைக்க எங்களுக்கு ஆன செலவு அறுநூற்று நாற்பது ரூபாய்.