பூட்டிய அறையும் அண்ணனின் மாடுகளும்

எண்பதுகளில் மலேசியாவின் சிரம்பானுக்கு வெளியே ஒரு கால்நடை நோய்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். கிருமி வளர்க்கும் அறையின் பாதுகாப்பு என் பொறுப்பு. யார் உள்ளே போகலாம், எதை எங்கே பூட்டி வைப்பது, கழிவெல்லாம் கொதித்து, கிருமி செத்த பிறகுதான் வெளியே போகிறதா என்பதையெல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். முன்பு அந்த அறையில் இருந்த ஒரு பெண்ணுக்கு மாட்டுக் கிருமி தொற்றி, மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் இப்படி ஒரு பொறுப்பையே உண்டாக்கினார்கள்.

போர்டிக்சன் சாலையில் நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் அண்ணன் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டு, மூன்று மாடுகளும் வைத்திருந்தார். அந்த வருஷம் தோட்டத்தில் சினை மாடுகள் காலம் வராமலே கன்றுகளைப் போட்டன. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சிலருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். எல்லா மாட்டுப் பாலும் சோதனைக்கு எங்களிடம் வந்தது. கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் எந்த மாட்டுக்கு நோய் என்று உறுதியாகும்.

பால் புட்டிகளை உள்ளே வைத்துத் திறக்கும் முன், வழக்கம்போல் கண்ணாடிக் கூண்டின் வாயில் ஊதுவத்தியைக் காட்டினேன். காற்றை உள்ளே இழுத்து வடிகட்ட வேண்டிய கூண்டு அது. புகை என் முகத்துக்கே திரும்பி வந்தது. அறையைப் பூட்டினேன்.

கூட வேலை செய்தவர் கேட்கவில்லை. "அக்கா, நான் மாஸ்க் போட்டுக்கிட்டு செஞ்சிடறேன்லா. நம்ம ஆளுங்க மாடு, பாவம்."

அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். முடியாது என்றேன். கூண்டின் வடிகட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. பால் புட்டிகள் உறைபெட்டியில் காத்திருந்தன.

தோட்டத்து மேனேஜர் காத்திருக்கவில்லை. மாடுகள் ரப்பர்க் கன்றுகளை மேய்கின்றன என்று ஏற்கெனவே அவருக்குக் கோபம். எல்லா மாடுகளும் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கர், கிராணி, லயத்தில் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அம்பாங்கானில் என் வீட்டுக்கு வந்தார்.

"என் மாடு நல்ல மாடுன்னு ஒரு வரி எழுதிக் குடு தங்கச்சி."

"டெஸ்ட் பண்ணாம எப்படிண்ணே எழுதறது?"

"அப்ப டெஸ்ட் பண்ணு. சாவி ஒங்கிட்டதானே இருக்கு?"

"தொறந்தா உள்ள வேல செய்றவருக்கு நோவு வந்துடும்ணே."

அண்ணன் என்னையே பார்த்தார். போட்டு வைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். அந்த வாரமே லோரி வந்து மாடுகளை அறுப்புக்கு ஏற்றிக்கொண்டு போனது.

வடிகட்டி வந்ததும் முதல் வேலையாக அந்தப் புட்டிகளைத்தான் எடுத்தோம். அண்ணனுக்குப் பக்கத்து வீட்டு மாடுகளின் பாலில் கிருமி இருந்தது. கூண்டு கெட்ட நிலையில் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, கூட வேலை செய்தவர் மறுபடியும் போய்க் கையைக் கழுவிக்கொண்டார். அண்ணனின் மூன்று மாடுகளும் சுத்தம்.

மறைக்கக் கூடாது என்று நினைத்து நானே தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். காலியான தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார்.

"நோவு இருந்துச்சு, அதான் போச்சுன்னு மனச தேத்திக்கிட்டிருந்தோம். இத ஏம்மா வந்து சொன்ன?"

பிறகு அண்ணன் நீலாய்க்குப் போய் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தார். தீபாவளிக்கு வருவார், நன்றாகத்தான் பேசுவார். மாடுகளைப் பற்றி மட்டும் அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அறையைப் பூட்டியதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அவர்களிடம் போய்ச் சொன்னது சரிதானா என்றுதான் இன்றும் யோசிக்கிறேன்.