இரும்புக் கதவுக்கு வெளியே

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாத வெயிலில், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, பாதி நேரம் அப்பாவின் பாத்திரக் கடையிலும் மீதி நேரம் என் யூடியூப் சேனலிலுமாக இருந்தேன். உண்மைச் சம்பவம் என்று சொல்லி வரும் படங்களில் எது நிஜம், எது கற்பனை என்று பிரித்துக் காட்டுவதுதான் சேனலின் வேலை. தப்புக் கண்டுபிடிப்பதில் அப்படி ஒரு ருசி எனக்கு.

அந்த மாதம் ஒரு படம் வந்தது. கடற்கொள்ளையர்கள் ஒரு சரக்குக் கப்பலைப் பிடிக்கிறார்கள். கேப்டனும் இரண்டு அதிகாரிகளும் பிணைக்கைதிகள். மற்ற மாலுமிகள் கீழ்த்தளத்தில் ஓர் அறைக்குள் புகுந்து இரும்புக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் கடற்படை வீரர்கள் வந்து மீட்கிறார்கள். இறந்தவர் ஒரே ஒருவர், கப்பலின் சமையல்காரர்.

நிஜமாகவே நடந்தது அது. அந்தச் சமையல்காரர் எங்கள் தெருக்காரர். அவருடைய மைத்துனரும் அதே கப்பலில் என்ஜின் பிரிவில் இருந்து, உயிரோடு திரும்பியவர். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். மைத்துனரை நாங்கள் இக்கா என்று கூப்பிடுவோம். அவர் என்னை மகளே என்பதை மலையாளத்தில் 'மோளே' என்பார். கடலை விட்டுவிட்டு இப்போது ஒரு சுக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். சமையல்காரரின் மனைவி இவருடைய தங்கை. அண்ணன் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்.

படத்தை நோட்டோடு போய் இரண்டு முறை பார்த்தேன். இருபத்துமூன்று தப்புகள் எழுதியிருந்தேன். அங்கே இருந்தவரே சொன்னால் யாரும் மறுக்க முடியாதே என்று இக்காவைத் தேடிப் போனேன். கிடங்கு முற்றத்தில் இஞ்சி காயப்போட்டிருந்தார்கள். போனைச் சாக்கு மூட்டைமேல் சாய்த்து வைத்தேன்.

"கப்பலுக்கு நீலப் பெயின்ட் அடிச்சிருக்காங்க இக்கா. உங்களோடது சிவப்புதானே?"

"துருவோட கலரு மோளே. எல்லாக் கப்பலும் அந்தக் கலருதான்" என்று சிரித்தார். "உனக்குக் கடல் போட் ஜெட்டி வரைக்கும்தானே தெரியும். அதுக்குள்ள இருபத்துமூணு தப்பா?"

அப்படித்தான் கேலியும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தது. படத்தில் கொள்ளையர்கள் ஏறிய உடனேயே சமையல்காரரை அடுக்களையில் வைத்துச் சுட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்டபோது மட்டும் இக்கா சிரிக்கவில்லை. "அது சரியா எடுத்திருக்காங்க" என்றார்.

என்னிடம் ஒரு பழைய பத்திரிகைத் துண்டு இருந்தது. உடல் கிடந்தது கீழே, அந்த அறைக்குப் போகும் இரும்புப் படியில் என்று அதில் போட்டிருந்தது. அடுக்களை இரண்டு தளம் மேலே. துண்டை அவர் முன்னால் நீட்டி, "அப்போ அவர் கீழ வரைக்கும் வந்திருக்காரே இக்கா?" என்றேன். கேட்டபோது எனக்கு இருந்த பெருமை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குனிந்து இஞ்சியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். கதவை மூடுமுன் தலை எண்ணுவார்களாம். மேலே பிடிபட்ட மூன்று பேர் போக, அன்று இன்னும் ஒரு தலை குறைந்தது. அதற்குள் மேலே துப்பாக்கிச் சத்தம் கேட்டதால் தாழிட்டுவிட்டார்கள். மூடினால் மூடியதுதான். மீட்க வருகிறவர்கள் சங்கேதச் சொல்லைச் சொல்லும்வரை திறக்கக் கூடாது.

"கேப்டன் கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாது. தலையில துப்பாக்கி வெச்சுக் கூப்பிட வெப்பாங்க. மச்சான் கரண்டியால தட்டினாரு. கையில அதுதான் இருந்திருக்கு. என் பேரச் சொல்லி மட்டும் கூப்பிட்டாரு. தாழ்ப்பாள் கிட்ட நான்தான் நின்னேன்."

"எவ்வளவு நேரம் தட்டினார்?"

"பள்ளிவாசல்ல பாங்கு சொல்லித் தீருற நேரம்." கை மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "போதும் மோளே. நிறுத்து."

நிறுத்தினேன். வெளியிட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வெளியிடட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

முகத்தை மறைத்தேன், பெயரைப் போடவில்லை. நேரம் பற்றிச் சொன்னதை மட்டும் நீளம் கருதி வெட்டினேன். 'படம் மறைத்த உண்மை' என்று தலைப்பு. அதுவரை நான் போட்ட எல்லா வீடியோக்களையும்விட அதிகம் பேர் பார்த்தார்கள். என் துணிச்சலைப் பாராட்டி எழுதினார்கள். ஆனால் எங்கள் தெருவில் இக்காவின் குரலை அடையாளம் காண முகம் எதற்கு?

மூன்றாம் நாள் மதியம் அவர் தங்கை கடைக்கு வந்தார். இத்தா என்று கூப்பிடுவேன். எப்போது வந்தாலும் அப்பாவை வம்புக்கு இழுத்து, பேரம் பேசி, சிரித்துவிட்டுப் போகிறவர். அன்று அப்பா இல்லை. கல்லாவுக்கு எதிரில் வந்து நின்றார். தலைக்குமேல் வரிசையாகக் கரண்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"படக்காரங்க வீட்டுக்கு வந்தப்ப நான்தான் சாயா கொடுத்தேன்" என்றார். "அடுக்களையிலயே முடிஞ்சுது, அவரு ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டாருன்னு அண்ணன் அவங்ககிட்ட சொன்னது நான் கேக்கத்தான். பன்னெண்டு வருஷமா என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு."

நான் படத்தின் மிகப் பெரிய பொய் என்று காட்டியது, தங்கைக்காக இக்கா கட்டிக் காத்த பொய்.

"எத்தன நேரம் தட்டினாரு?"

வெட்டிய பகுதி என் போனில்தான் இருந்தது. "ஒரே ஒரு தடவதான் இத்தா" என்றேன்.

"பொறுமை கெட்ட ஆளு அவரு. வீட்டுக் கதவையே ஒரு தடவ தட்டிட்டு நின்னதில்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

உடனே வீடியோவை எடுத்துவிட்டேன். அதற்குள் யார் யாரோ வெட்டி ஒட்டித் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் இத்தா ஆலுவாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாடி ஜன்னல் அன்று சாத்தியது, இன்றுவரை திறக்கவில்லை. அண்ணனோடு அவர் பேசுவதில்லை என்று தெருவில் சொல்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்க அந்த முற்றத்துக்குப் போனேன். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. "நீ பொய் ஒண்ணும் சொல்லலியே மோளே" என்றார் இக்கா. மறுபடி குனிந்து இஞ்சியைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். கப்பலின் நிறம் முதல் ஹெலிகாப்டர்வரை நான் குறித்தவற்றில் பாதி தப்பு என்று பிறகு மற்றவர்கள் காட்டினார்கள். யாராலும் மறுக்க முடியாதபடி நான் சரியாகச் சொன்னது அந்த ஒன்றுதான், அதனால்தான் இன்றும் அந்தச் சாத்திய ஜன்னலைத் தாண்டும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.