மெஷின் ஆட்டிய சுவர்

டெய்லரக்காவின் தையல் மெஷினில் ஒரு காலத்தில் மோட்டார் இருந்தது. அவளே தைத்துச் சம்பாதித்து வாங்கியது. பாதத்தை லேசாக வைத்தால் போதும், துணி பறக்கும். அந்த மோட்டார் இப்போது கட்டிலுக்கடியில் ஒரு சாக்குக்குள் சுருண்டு கிடக்கிறது. அவள் காலால் மிதித்துத் தைக்கிறாள். சாயங்காலம் ஆனால் முழங்கால் இரண்டும் வீங்கிக்கொள்ளும்.

"என்னக்கா, ஊரே முன்னால போகுது, நீங்க மட்டும் பின்னால போறீங்க?" என்று துணி கொடுக்க வரும் பெண்கள் கேட்பார்கள்.

"மிதிச்சுத் தைச்சாத்தான் தையல் நிக்கும்" என்று சொல்லி மழுப்பிவிடுவாள். பொய் சொல்லத் தெரியாதவள் சொன்ன பொய் அது. கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். உண்மை உள்ளறைச் சுவரில், துணி மாட்டும் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது.

ஒன்றின் தலையில் ஒன்றாக மூன்று வீடுகள் உள்ள ஒடுங்கிய கட்டடம். கீழே இஸ்திரிக்காரர், நடுவில் அவளும் புருஷனும், மேலே வேன் ஓட்டுகிறவன், அவன் பெண்டாட்டி, கைக்குழந்தை. மூன்று வீட்டுக்கும் ஓனர் ஒருவர்தான். அவருக்கு இவர்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. குழாய் ஒழுகுகிறது என்றாலும், படிக்கட்டில் கைப்பிடி ஆடுகிறது என்றாலும், வாயெல்லாம் பல்லாக, "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்பார். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் ஆனதில்லை.

சுவரில் முதன்முதலாக விரிசல் கண்டபோது அது தலைமயிர் கனம்கூட இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகத் தரைக்கு இறங்கியது. டெய்லரக்கா சொல்லி அனுப்பியதும் ஆகட்டும் உடனே வந்துவிட்டார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் எதற்கும் உடனே வருகிற ஆள் இல்லை.

வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "மெஷினை ஓட்டு தங்கச்சிம்மா" என்றார். ஓட்டினாள். "இப்ப உன் கையைச் சுவர்ல வை. நடுங்குதா?"

நடுங்கியது. நடுங்காமல் என்ன செய்யும்?

"என் சுவரை உன் மெஷின்தான் கொன்னுக்கிட்டு இருக்கு" என்றார், செத்தவர் வீட்டில் பேசுகிற குரலில். "வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் உன் சாமானைத் தெருவுல வெச்சிருப்பான். நான் உன்னைக் கூடப்பிறந்தவளா நினைக்கிறேன். இது நமக்குள்ள இருக்கட்டும். கீழ மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா உன்மேல பாய்வாங்க. அப்புறம் நானே நினைச்சாலும் உன்னை இங்க வெச்சுக்க முடியாது."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெஷின் வைத்துக்கொள்ள விடுகிற வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்காக அவள் ஏறி இறங்கிய படிகள் அவளுக்குத்தான் தெரியும். நன்றிக்கு அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், கூலி வாங்காமல். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் அடுத்த மாதம் வாடகைக்கு வந்தார்.

அன்றே மோட்டாரைக் கழற்றினாள். மெஷினின் நான்கு காலுக்கும் கந்தைத் துணியை மடித்து வைத்தாள். சட்டைக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸை நீளமாகக் கத்தரித்து, பசை தடவி, விரிசலின் மேல் ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்பு பூசினாள். ஸ்டாண்டை இழுத்து மறைத்தாள். காரியம் கச்சிதமாக முடிந்தது. குற்றம் செய்தவள் தடயத்தை மறைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

புருஷனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. ராத்திரி முழுக்க நெருப்பின் முன் நின்றுவிட்டுக் காலையில் வருவார். வெளிச்சம் புகாத அறை என்பதால் அந்தச் சுவரோரம்தான் கட்டில். படுத்தால் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்தையில் விற்றுவிட்டு வந்தாலும் தெரியாது. அவர் தலைமாட்டில் அவள் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள், சுவரை ஒரு கண்ணால் பார்த்தபடி.

ஒருநாள் வாசல் கதவு சாத்த வரவில்லை. தோளால் இடித்தும் பார்த்தாள், அசையவில்லை. மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்துத் தச்சரைக் கூப்பிட்டாள். அவர் கைக்குக் கொஞ்சமும் குறையாமல் வாயும் ஓடுகிற மனிதர். இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"இந்த வீட்டுக்காரங்க மாதிரி கமுக்கமான ஜனங்களை நான் பாத்ததில்லைம்மா. கீழ ஒரு கதவு இழைச்சேன், மேல ஒரு கதவு இழைச்சேன். ரெண்டு பேருமே, 'அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு காதைக் கடிக்கிறாங்க. கதவு இழைக்கிறதுல அப்படி என்ன ரகசியம்?"

"எப்ப இழைச்சீங்க?"

"இந்த வாரந்தான். அய்யய்யோ, சொல்லிட்டனா! நீங்க கேக்கலை, நான் சொல்லலை."

அவர் போனபின் டெய்லரக்கா ஸ்டாண்டை நகர்த்தினாள். மோட்டார் ஓய்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் சுவர் ஓயவில்லை. கேன்வாஸ் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி விறைத்துப்போய், நடுவில் கிழிந்திருந்தது. காலர் கேன்வாஸ் சாமானியமாகக் கிழிகிற ஜாதி இல்லை. கிழிசலை விலக்கி விரலை விட்டாள். முதல் கணு வரை உள்ளே போனது. குளிர்ந்த காற்று விரலில் பட்டது. காற்றோடு ஒரு வாசனையும் வந்தது, ஈரத்துணியில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் கிளம்புமே, அந்த வாசனை. அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மேல்வீட்டுக் குழந்தை சிணுங்குவது சுவருக்குள்ளிருந்து கேட்டது.

கட்டிலில் புருஷன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இறங்கிக் கீழே போனாள். இஸ்திரிக்காரர் தூறலில் ஜன்னலை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, முதுகு நனைய, பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான். 'காத்தாடி வாங்க மனசு வராத கஞ்சன்' என்று அவள் நினைத்து வைத்திருந்தாள்.

"அண்ணே, உங்க உள்ரூம் சுவத்தை ஒரு தடவை பாக்கணும்."

"சுவத்துக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர், திரும்பாமலே.

"எங்க வீட்டுல வெடிச்சிருக்கு. என் மெஷின் ஆட்டித்தான் வெடிச்சுதாம். இவ்வளவு நாளா உங்ககிட்ட மறைச்சிட்டேன். திட்டறதுன்னா திட்டிக்குங்க."

பெட்டி துணிமேலேயே நின்றது. கருகும் வாசனை வந்தபிறகுதான் எடுத்தார். "மெஷினா?" என்றார். "என்கிட்ட இஸ்திரிப் பெட்டி சூடுன்னாரே டெய்லரம்மா. 'சூடு ஏறி ஏறிச் சுவரு வெடிக்குது, ஜன்னலைத் திறந்து வெச்சே வேலை பாரு'ன்னாரே! மழையிலயும் குளிர்லயும் நான் படற பாட்டை..."

"இது நமக்குள்ள இருக்கட்டும்னாரா?"

"கூடப்பிறந்தவனாட்டம் நினைக்கிறேன்னும் சொன்னாரு."

அவருடைய பீரோவை இருவரும் சேர்ந்து நகர்த்தினார்கள். பின்னால் இருந்த விரிசலில் பழைய செய்தித்தாள் திணித்து வைத்திருந்தார். அது தரையிலிருந்து கூரைக்கு ஏறி, சரியாக அவள் வீட்டு விரிசல் தரையைத் தொடுகிற இடத்துக்குப் போனது.

மேல்வீட்டுப் பெண்ணைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இடுப்பில் குழந்தை, கையில் குடம் என்று அவள் நாள் முழுக்கப் படியேறுவதை இருவரும் பார்த்திருக்கிறார்கள். 'புருஷன் பாத்துப் பாவப்படணும்னு நாடகம் போடறா' என்று டெய்லரக்காவே ஒருமுறை நினைத்ததுண்டு.

"தண்ணி டிரம்மு கனமாம்க்கா" என்றாள் அந்தப் பெண், பிடிபட்டவள் போல. "டிரம்மை எடுத்துட்டா சுவரு தேறிடும்னு சொன்னாரு. எடுத்துட்டோம். நீங்க ரெண்டு பேரும் சண்டைக்கு வருவீங்கன்னு..."

"ஒரு விரிசலுக்கு மூணு கொலைகாரங்க!" என்றார் இஸ்திரிக்காரர். மூன்று பேரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கூடப்பிறந்தவர்கள் ஆயிற்றே! சிரித்து ஓய்ந்தபோது யாருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

ஆகட்டும் மறுநாள் வந்தார். மூவரும் ஒன்றாக நின்று கேட்டார்கள். சிரிப்பு ஒரு இழைகூடக் குறையவில்லை. "எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா நான் யாருக்குன்னு பதில் சொல்றது? ஒவ்வொரு வீடா வந்து பாக்கறேன். நீங்க உள்ள போங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. போனார்கள். அங்கேதான் மூவரும் ஏமாந்தார்கள்.

டெய்லரக்கா வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தப் பார்த்தார். கதவு பாதியில் நின்றுகொண்டது. இழைத்து முழுசாக ஒருநாள் ஆகவில்லை. இரண்டு தரம் தள்ளிவிட்டு, சாத்தாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை முதல்ல கிளப்பிவிட்டது யாரு தங்கச்சிம்மா?"

"நான்தான். இவரு தூங்கற இடம் அண்ணே அது. ஆள் வெச்சுப் பாருங்க. இல்லைன்னா வேற இடம் கிடைக்கிற வரைக்கும் நாங்க எங்கயாவது..."

"பெயிண்டரை அனுப்பறேன்."

"சுவரு பொளந்து கிடக்குது. பெயிண்டர் வந்து என்ன பண்ணுவாரு?"

"ஆகட்டும், பாத்துக்கலாம்" என்று கிளம்பினார். வாசலில் நின்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா தூங்கறாரு" என்றார்.

மேல்வீட்டில்தான் அவர் வெகுநேரம் இருந்தார். அவர் போனபின் டெய்லரக்கா ஏறிப்போய்த் தட்டினாள். உள்ளே குழந்தையின் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. கீழே இஸ்திரிக்காரர் முகத்தைப் பார்க்காமல், "பெயிண்டர் வரட்டும், பாக்கலாம் டெய்லரம்மா. இந்த வயசுல நான் எங்க போய் வாடிக்கை பிடிக்கிறது?" என்றார்.

திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. கால் சும்மா இருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது, அரிசி புடைக்கும்போது வருகிற மாதிரி ஒரு சரசரப்பு. புருஷனின் தலையணையில், காதுக்குப் பக்கத்தில், பொடி மண் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கைப்பிடி கொட்டியது. நின்றது. பிறகு மறுபடி கொட்டியது.

அவரைக் காலைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினாள். அவருக்கு முழுசாக விழிப்பு வருவதற்குள் மெஷினின் ஒரு முனை அவர் கையில் இருந்தது. "எங்கடி போறோம்?" என்றார்.

"தெருவுக்கு."

"தெருவுல எங்க?"

"முதல்ல இறங்குங்க. உங்க முதலாளிகிட்ட மாவு மூட்டை வைக்கிற ரூமைக் கேளுங்க. கிடைக்கலைன்னா அப்புறம் யோசிக்கலாம்."

எதிர்ச்சாரியில், அந்தக் கட்டடத்தின் நிழல் எட்டாத இடமாகப் பார்த்து மெஷினை இறக்கினார்கள். பிறகு கட்டில், பாத்திரம், பாதி தைத்த துணிகள். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் புருஷன் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, "உலகத்துலயே பெரிய வீடு நம்மளதுதான்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இஸ்திரிக்காரர் ஜன்னல் வழியே மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மேசையை வாசலுக்கு இழுக்கத் தொடங்கினார். அவள் புருஷன் ஓடிப்போய் ஒரு கை கொடுத்தார்.

மீதி இருந்தது மேல்வீடு.

டெய்லரக்கா மறுபடி படியேறினாள். மேலே போக வேண்டியிருக்கவில்லை. அவள் காலிசெய்த வீட்டுக்குள் வேன்காரன் பெண்டாட்டி, ஒரு இடுப்பில் குழந்தையும் ஒரு இடுப்பில் பாத்திர மூட்டையுமாக நின்றிருந்தாள். மேலே அவள் புருஷன் சாமான் உருட்டும் சத்தம் கேட்டது.

"இங்க என்ன பண்ற?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க எப்படியும் காலி பண்ணிடுவீங்க, நடுவீட்டை எங்களுக்கே குடுத்துடறேன்னாருக்கா. மேல வெயில் தாங்கலை, குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம்..."

"அந்தச் சுவத்தைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். உங்க மெஷின் போயிடுச்சில்லக்கா? இனிமே ஆடாதாம்."

டெய்லரக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மோட்டார் ஓய்ந்த கதையைச் சொல்லலாம். விரலை அந்த விரிசலுக்குள் விட்டுக் காட்டலாம். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டு, ராத்திரி புருஷனும் குழந்தையுமாக அந்தச் சுவரோரம்தான் படுப்பாள். இத்தனை நாள் தானும் புருஷனை அங்கே படுக்கவிடவில்லையா?

"குழந்தையை இப்படிக் குடு" என்றாள். "ரெண்டையும் வெச்சுக்கிட்டு எப்படிச் சாமான் தூக்குவ?"

"நல்லா இருப்பீங்கக்கா" என்று கொடுத்தாள் அந்தப் பெண்.

டெய்லரக்கா குழந்தையோடு இறங்கினாள். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. தெருவைக் கடந்து கட்டிலருகே வந்து நின்றாள். சற்றுப் பொறுத்து ஜன்னலில் தலை தெரிந்தது.

"அக்கா! அவனுக்குப் பசிக்கிற நேரம். மேல கொண்டாங்க!"

"நீ வந்து வாங்கிக்க."

"எனக்குப் போட்டது போட்டபடி கிடக்குதுக்கா!"

"கிடக்கட்டும். உன் புருஷனையும் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரும் வந்தாத்தான் தருவேன்."

தலை சட்டென்று மறைந்தது. "ஏய், அடுத்தவங்க பிள்ளைடி" என்றார் டெய்லரக்காவின் புருஷன் பதறிப்போய். "எவ்வளவு நேரம் வெச்சுக்கிட்டு நிப்ப?"

படிக்கட்டில் இரண்டு பேரின் கால்கள் தடதடவென்று இறங்குவது கேட்டது. வேன்காரனின் வசவு தெருவுக்கே எட்டியது. பிள்ளை பிடிக்கிறவள் என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். வாங்கிய கையோடு இருவரும் திரும்ப மேலேதான் ஓடுவார்கள்.

டெய்லரக்கா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, கட்டடத்துக்கு முதுகைக் காட்டி, தெருவின் அடுத்த கோடியைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.