சும்மா பிடித்த நூல்

கண்ணுங்களா, ஜவ்வாது மலைக்கு நான் பலாப்பழம் வாங்கப் போன அன்று ஒருத்தரைப் பார்த்தேன். பேர் கேட்கவில்லை. வாணியம்பாடிக்காரர், மருதாணி போட்ட தாடி. காத்தாடி விடுவதற்கு முன்னால், நூல் கிழிக்காமலிருக்க ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டார்.

எதிரே நாற்காலியில் அவருடைய அத்தா. வாதத்தில் விழுந்திருந்த கை; அன்றுதான் மறுபடி நூல் பிடித்தாராம்.

மேலே அப்பா, மகன் இரண்டு பேர் காத்தாடி நூலும் பின்னிக்கொண்டன. அப்போது இழுக்கணும், இல்லாவிட்டால் நூலை ஓட விடணும். சும்மா பிடித்திருந்தால் நம்ம நூல்தான் அறும். இவர் சும்மாதான் பிடித்திருந்தார். பெரியவர் நடுங்கி நடுங்கி இழுக்க, மகனுடைய காத்தாடி அறுந்து பள்ளத்துப் பக்கம் போனது.

“இன்னாடா, கை தூங்கிடுச்சா?” பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“உங்க இழுப்புக்கு யாரு நிப்பா அத்தா?”

நான் பக்கத்தில் போய், “வேணும்னேதான வுட்டீங்க பாய்?” என்றேன்.

“மெல்ல பேசுங்க, அவருக்குக் காது நல்லா கேக்கும். சின்ன வயசுலேர்ந்து இழுத்தே பழகின விரலுங்க இது. அசையாம வெக்கறதுக்குள்ள உசுரு போச்சு.”

அவர்கள் வண்டி ஏறிப் போன பிறகு நான் தனியாக அங்கே நின்று, நூல் இருப்பதுபோல் கையைத் தூக்கி, அசையாமல் வைத்துப் பார்த்தேன். காற்று கொஞ்சம் வேகமாக வந்ததுமே என் விரல் தானாக இழுத்துவிட்டது.