ரோதை முனிக்குப் பூசை போட்ட நாள்

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோரில் வேலை பார்த்தேன். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் அடுப்புக்காரன். அரைத்த கொழுந்தைக் காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு போடுவதும் சூட்டைப் பார்ப்பதும் என் வேலை. வேறு வேலை தெரியாது.

போன வருடம் தோட்டத்தை நடத்தும் துரை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கறுப்புத் தேயிலையை மட்டும் வைத்து இந்த ஸ்டோரை ஓட்ட முடியாது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் புதுவிதமான பச்சைத் தேயிலை கேட்கிறார். பல தோட்டங்களிடம் கேட்டிருக்கிறார். நம்முடையது பிடித்தால் ஸ்டோர் ஓடும். இல்லாவிட்டால் மூடிவிட்டு, கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு லொறியில் அனுப்புவோம். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். புதுச் சாமானை எப்படிச் சீக்கிரம் செய்து அனுப்புவது என்பதையே படித்தவர்.

முன்பு புதுத் தேயிலை என்றால் டீமேக்கர் ஒரு மாதிரி செய்வார். அவர்தான் ஸ்டோருக்குப் பொறுப்பு. தேயிலையைக் குடித்துப் பார்த்துச் சொல்வதும் அவர்தான். செய்ததைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் வந்தபின் வேறு மாதிரி செய்வார். வருடம் ஓடிவிடும்.

ஒன்று முடிந்து ஒன்று என்று வேண்டாம், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும் என்றார் மிஸ். ஒரே நாளில் நாலைந்து விதமாகக் கொஞ்சம் கொஞ்சம் செய்தோம். ஒன்றுக்கு ஆவி கூடுதல், ஒன்றுக்குச் சூடு குறைவு. கெட்டால் ஒரு கூடைதான் கெடும். தேயிலை தேறும் முன்பே பெட்டிக்குப் படம் போட்டாகிவிட்டது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்பது போல எல்லோரும், நடக்கும் வேலைகளை எழுதிய ஒரு பலகைக்கு முன்னால் நிற்போம். நேற்று எது பிழையாய்ப் போனது, எது சரிவந்தது என்று அவரவர் சொல்ல வேண்டும். எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு யாராலும் வாயை மூட முடியவில்லை.

நன்றாகத்தான் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். மழைக்காலம் பிறக்கும்போதே ஒரு தேயிலை தேறிவிட்டது. டீமேக்கர் வாயில் வைத்துவிட்டு, இதுதான் என்றார். இதே மாதிரி செய்து சாம்பிள் அனுப்புவது என்று முடிவானது.

பதில் வந்ததும் நிறையச் செய்ய வேண்டும் என்று, பச்சைத் தேயிலை காயவைக்க ஒரு சின்ன மெசினையும் மிஸ் முன்கூட்டியே வாங்கிவிட்டார். சாம்பிள் அனுப்பும் நாளிலேயே அது வந்து இறங்கியது. அன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றார் மிஸ்.

ஸ்டோரில் புது மெசின் வந்தால் ரோதை முனிக்குப் பூசை போடாமல் ஓட்டமாட்டோம். மெசினில் சுற்றுகிற சக்கரத்தை ரோதை என்போம்; எல்லா ரோதைக்கும் அந்த முனிதான் காவல். ரோதையில் விரல் கொடுத்தவர்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்திலேயே இருக்கிறார்கள். கொழுந்து அரைக்கும் மெசினில் நிற்கும் ஒருவர்தான் பூசை போடுவார். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். வழக்கமாகக் கொழுந்து இல்லாத நாளில், ஸ்டோரைக் கழுவிவிட்டுத்தான் பூசை. அன்றைக்குச் சாம்பிள் தேயிலை தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தது. மாலை லொறியில் அது கொழும்புக்குப் போக வேண்டும்.

"பூசை போடாம சுவிச்சத் தட்ட ஏலாதுங்க மிஸ்," என்றார் அண்ணன்.

"எவ்வளவு நேரம் போகும்?"

"முனிக்கிட்ட மணி கேக்க முடியுங்களா?"

மிஸ் சிரித்தார். "வேலை நிப்பாட்ட வேணாம் அண்ணே. பூசையும் பக்கத்துல பண்ணுங்க."

"முனியையும் பலகையில சேத்துட்டாங்கடி," என்றாள் பெட்டி கட்டும் பெண் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

தேங்காய் உடைத்தார்கள். எலுமிச்சை நசுக்கினார்கள். என் அடுப்புத் தணலில் சாம்பிராணி போட்டார்கள். வெளியில் மழை. தேயிலையில் ஈரம் ஏறக்கூடாதென்று சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மிஸ்ஸும் கைகூப்பி நின்றார்.

தேயிலை வாசத்தை இழுக்கும். அது எங்களுக்குத் தெரியாததல்ல. பூ வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் ஸ்டோருக்குள் வரமாட்டாள். மண்ணெண்ணெய், வெங்காயம் எதுவும் உள்ளே வராது. ஆனால் சாம்பிராணியும் ஒரு வாசம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது சாமி காரியம்.

டீமேக்கர் சாம்பிராணிப் புகை நின்ற அந்த அறையிலேயே நின்று குடித்துப் பார்த்தார். நல்லது என்றார். அடைத்தோம். லொறி போனது.

பதிலைச் சொல்ல மிஸ் நேரில் வந்தார். பலகைக்கு முன்னால் நின்றோம்.

"புகை வாசம் இருக்குதாம். வேணாமாம்," என்றார்.

டீமேக்கர் எடுத்துவைத்திருந்த மிச்சச் சாம்பிளைத் திறந்து மோந்தார். என்னிடம் தந்தார். கோயிலுக்குள் போனது போல் இருந்தது. கைமாறிக் கைமாறிப் போனது. அண்ணன் மட்டும் வாங்கவில்லை.

"வேற சாம்பிள் அனுப்பலாமே மிஸ்?" என்று கேட்டேன்.

"கேட்டேன். வேற தோட்டத்துல எடுத்துட்டாங்க. அவங்க நம்மள விட சுருக்கா செஞ்சிட்டாங்க." பலகைப் பக்கம் திரும்பினார். "நான்தானே பக்கத்துல பண்ணுங்கன்னு சொன்னது."

"நீங்க சொல்லாட்டியும் போட்டிருப்போம் மிஸ்," என்றார் அண்ணன்.

அண்ணனை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வீட்டில் சொன்னேன். என் மனைவி கொழுந்து எடுப்பவள். அன்றைக்கு நனைந்து வந்திருந்தாள்.

"பூசை போடாம அந்த மெசினு ஒருத்தன் கையப் புடிச்சிருந்தா?"

"தெரியல."

"அப்ப யாரத்தான் குத்தம் சொல்றது?"

ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

ஸ்டோரை மூடினார்கள். பெட்டி கட்டும் பெண்களைக் கொழுந்து எடுக்கப் போட்டார்கள். டீமேக்கர் வட்டவளைப் பக்கம் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். கடைசி நாள் துரை வந்து அடுப்பை அணைக்கச் சொன்னார். பெரிய அடுப்பில் தண்ணீர் ஊற்ற முடியாது. இரும்பு வெடிக்கும். விறகு போடாமல் விட்டு, தணல் தானாக இறங்கும் வரை ஆள் இருக்க வேண்டும். இருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒனக்கு எங்க?"

"தேயிலச் செடி கவ்வாத்து வெட்டப் போட்டிருக்காங்க. ஒங்களுக்கு?"

"புல்லு வெட்ட." தணலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கவ்வாத்துக் கத்தி புடிச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"இடுப்பு போயிரும்."

"போகட்டும்."

வெளியே மேட்டில் லொறி முக்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது.

"நம்ம கொழுந்து," என்றார்.

"ஆமாண்ணே," என்றேன்.