கீழ் வரிசைக் குழாய்கள்

பர்ரான்கியா நகரத்தில் ஆற்றை ஒட்டிய ஆலைகளில், தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இயந்திரம் நின்றுபோனால் முதலில் கூப்பிடுவது எதில்பெர்தோவைத்தான். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. சியேனகா ஊரில் ஓர் ஐஸ் ஆலையில் எண்ணெய் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், முப்பத்தைந்து வருடத்தில் நகரத்துப் பழைய இயந்திரங்களில் பாதியைத் திறந்து மூடிவிட்டார். மேஸ்திரி என்றாலே அவர்தான். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையை யாரும் சரிபார்ப்பதில்லை.

பாட்டில் மூடி செய்யும் ஆலையொன்றில் இருபத்தெட்டு வருடத்துச் சில்லர் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அச்சுகளைக் குளிர வைக்கும் தண்ணீர் அதிலிருந்துதான் போகும். தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் மூடிகள் அச்சில் ஒட்டிக்கொண்டு கோணலாக விழும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஆலை அடைத்திருக்கும்போது, அதைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள்.

போன தடவை நடந்தது இது. கம்ப்ரஸர் வேலையெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டார். சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் குழாய்களுக்குள் நீளப் பிரஷை விட்டுச் சுண்ணாம்புப் படிவைத் தேய்த்தெடுப்பதுதான் பாக்கி. மேல் வரிசைகளை நின்றபடியே தேய்த்தார். கீழ் வரிசைகளுக்கு ஈரத் தரையில் படுக்க வேண்டும். இடுப்பு வலித்தது, சல்கார் கடற்கரையில் தம்பி குடும்பம் மீன் பொரித்துக்கொண்டு காத்திருந்தது. மேலே சுத்தமானால் போதும், ஓடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூடியைப் போட்டு முறுக்கிவிட்டார்.

அந்த வருட ஆகஸ்ட் வெயிலில் சில்லர் அழுத்தம் ஏறி அடிக்கடி நின்றுபோனது. என்ன காரணம் என்று ஆலை எஞ்ஜினியர் சராபியா எழுத்தில் கேட்டார். எதில்பெர்தோ ஒரே வரி எழுதினார்: படிவு சேராமல் தண்ணீருக்கு மருந்து போடுவதில் இயக்குபவர் கவனக்குறைவு. அந்த ஒரு வரியால், சில்லரை இயக்கிய நூரிஸின் பொறுப்பு போனது. பதினொரு வருடம் அந்த இயந்திர அறையைப் பார்த்துக்கொண்டவள் அவள். மூடிகளை எண்ணிப் பையில் போடும் மேஜைக்கு அவளை மாற்றிவிட்டார்கள். சில்லர் நிற்காமல் இருக்க இரண்டு அச்சுகளை நிறுத்திவிட்டு ஓட்டினார்கள். எதில்பெர்தோவும் நாளடைவில் தான் எழுதியதைப் பாதி நம்பியே விட்டார்.

இந்த வருடம், நூரிஸுக்குப் பதிலாக வந்த புதிய ஆள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டான். உதவிக்கு நூரிஸை அனுப்பினார்கள்.

பெரிய வியாழன் காலையில் போல்ட்டுகளைக் கழற்றி, கண்டென்சர் மூடியைச் சங்கிலியில் தூக்கினார்கள். நூரிஸ் விளக்கைப் பிடித்தாள். மேல் குழாய்களில் செம்பு தெரிந்தது. கீழ் ஏழு வரிசைகளும் சாம்பல் நிறக் கல்லாக அடைத்துக் கிடந்தன. 

"மருந்து போடலைன்னா எல்லாக் குழாயும்தானே அடைக்கும் மேஸ்திரி?" என்று கேட்டாள். குத்திக் காட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"கலங்கல் கீழதான் படியும்" என்றார். சொல்லும்போதே காது சுட்டது.

"ஓ, அப்படியா" என்று அவள் தலையாட்டினாள். "அப்ப நான் ரெண்டு மூணு வாரமாவது மருந்து போடாம விட்டிருக்கணும், இவ்வளவு படிஞ்சிருக்குன்னா."

மதியம் அவள் டப்பாவைத் திறந்து, புனித வாரத்துக்கென்று வீட்டில் கிண்டிய துவரை இனிப்பை அவருக்குப் பாதி எடுத்து வைத்தாள். "சாப்பிடுங்க, வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு. உங்க வீட்டுல என்ன கிண்டினாங்க?"

"சேனைக்கிழங்கு இனிப்பு" என்றார்.  வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே என்று அவள் வைத்ததை விழுங்கினார்.

மூன்று நாளும் ஈரத் தரையில் படுத்தே வேலை செய்தார். அமிலம் விட்டு ஊற வைத்து, ஒவ்வொரு குழாயாகத் தேய்த்தார். "கொஞ்சம் எந்திரிங்க, நான் தேய்க்கிறேன்" என்று அவள் பிரஷை வாங்க வந்தபோதெல்லாம் கொடுக்கவில்லை. எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தார். வந்ததெல்லாம் "அந்தப் பக்கம் வெளிச்சம் காட்டு" என்பதுதான்.

சனிக்கிழமை மதியம் சில்லரை ஓட்டினார்கள். அழுத்தமானியின் முள் அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. எஞ்ஜினியர் சராபியா வந்து பார்த்தார். தட்டிக்கொடுக்கிற தோரணையில், "பாத்தியா நூரிஸ்? கவனமா இருந்தா கிழட்டு மெஷினும் பேச்சு கேக்கும்" என்றார்.

நூரிஸ் சிரிக்க முயன்றாள். அந்த முகத்தை எதில்பெர்தோவால் பார்க்க முடியவில்லை.

"எஞ்ஜினியர், அந்த ஆகஸ்ட்ல நான் எழுதிக் குடுத்தது பொய்" என்றார். "போன தடவை கீழ் வரிசையை நான் தேய்க்கவே இல்ல. படுக்கச் சோம்பல் பட்டு மூடிட்டுப் போயிட்டேன். இவ மருந்தைச் சரியாத்தான் போட்டிருக்கா."

சராபியா கதவுப் பக்கம் பார்த்தார். "சரி, என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல. இதோட விடுங்க மேஸ்திரி. அந்தக் காகிதத்துல என் கையெழுத்தும் இருக்கு."

"வேற காகிதம் எழுதித் தரேன்."

"எழுதினா உங்களை அடுத்த தடவை கூப்பிட முடியாது."

"தெரியும்."

எஞ்ஜினியர் போன பிறகும் நூரிஸ் அசையவில்லை.

"வியாழக்கிழமை கேட்டேனே" என்றாள்.

"கேட்டே."

"கலங்கல்னு சொன்னீங்க. நானும் தலையாட்டினேன்." அவள் அழுத்தமானியின் பக்கம் திரும்பினாள். "நான் போட்டேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு மேஸ்திரி. ஆனா நீங்க எழுதினதால நான்தான் மறந்திருப்பேன்னு நினைச்சேன். என் தங்கச்சி கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன்."

"மன்னிச்சுடு."

அவள் தரையில் கிடந்த விளக்கு வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

திங்கட்கிழமையே காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சராபியா அதை இரண்டு மாதம் மேஜைக்குள் வைத்திருந்துவிட்டு மேலே அனுப்பினார். ஜூனில் நூரிஸ் இயந்திர அறைக்குத் திரும்பினாள். சில்லர் வேலை வேறு ஆட்களுக்குப் போனது. விஷயம் பரவி இன்னும் இரண்டு ஆலைகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின. அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

அக்டோபரில் ஒருநாள் நூரிஸ் போன் செய்தாள். எண்ணெய் அழுத்தம் காலையில் மட்டும் இறங்குகிறதாம்; புதியவர்களுக்குப் பிடிபடவில்லையாம். எந்த வடிகட்டியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். "சரி" என்று வைத்துவிட்டாள்.

போனில் யார் என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஆலையிலிருந்து" என்றார். நூரிஸ் என்ற பெயரை அவரால் சொல்ல முடியவில்லை.