பரஸ்காவின் எடைப் பட்டியல்

மேலாற்றில் அந்தக் கோடைவரை ஒரு நாள்கூட மிதந்து போகாத பரஸ்காவுக்கு அதன் ஒவ்வொரு வளைவும் எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள்.

அலாஸ்காவில், கசிலுக் ஊரின் படகுத்துறையில், மிதவை விமானக் கொட்டகையில்தான் பரஸ்காவுக்கு வேலை. விமானத்தில் போய் மலை ஏரியில் இறங்கி, அங்கிருந்து ஆற்றோடு ரப்பர் படகில் பன்னிரண்டு நாள் மீன் பிடித்துக்கொண்டே வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் அவள்தான் திட்டமிட்டுத் தருவாள். ஆளுக்கு எவ்வளவு மாவு, எத்தனை காலுறை, கரடி வந்தால் எந்தப் பை கைக்கு எட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. திரும்பி வருகிறவர்களை ஈரச் சட்டையோடு உட்கார வைத்துக் கேள்வி கேட்பாள்.

"மூணாவது நாள் ஒரு மரம் விழுந்து கிடக்குமே, எந்தப் பக்கமா ஒதுங்கினீங்க?"

அவர்கள் சொல்லச் சொல்ல வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். சால்மன் வரும் மாதங்களில் மீனை அறுத்துப் புகை போடவே அவளுக்கு நேரம் போதாது. அது முடிந்தால் பிள்ளைகள், பள்ளிக்கூடம்.

அந்த வருடம் கடைசி மகனும் நகரத்துக்குப் போய்விட்டான். புகைக் கொட்டகையும் சீக்கிரம் நிறைந்துவிட்டது. "போவமா?" என்று கேட்டான் கணவன் நிக்கிஃபர். அவன் தங்கை ஒலிங்காவும் ஒட்டிக்கொண்டாள். விமானம் காலியாக இருந்தது ஆகஸ்ட் இருபத்தொன்பது ஒரு நாள்தான். அதற்குப் பிறகு வேட்டைக்காரர்கள், அதற்கும் பிறகு பனி. அடுத்த வருடம் நிக்கிஃபருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. போனால் இப்போதுதான்.

விமானம் தாங்குவது நானூற்று முப்பது கிலோ. பரஸ்காவின் பட்டியல் நானூற்று இருபத்தேழில் நின்றது. கிளம்புகிற அன்று காலை துறைக்கு வந்தவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

விமானி டெல்பர்ட் பைகளை நிறுத்தான். நிக்கிஃபரை நிறுத்தான், ஒலிங்காவை நிறுத்தான். பிறகு பரஸ்காவுக்கு எடைமேடையைக் காட்டி, "ஏறுங்கக்கா," என்றான்.

"நான் எதுக்குப்பா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். நிக்கிஃபர் எண்பத்து நான்கு. ஒலிங்கா எழுபத்தொன்று. படகு, துடுப்பு, கூடாரம், உப்பு வரைக்கும் இருந்தது. பரஸ்கா இல்லை. இத்தனை வருடமும் பட்டியல் எழுதி முடித்ததும் கரையில் நின்று கையசைத்த பழக்கம்.

எடைமேடை அறுபத்தாறு காட்டியது.

ஒலிங்கா சிரித்துச் சிரித்துத் துறைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, தீப்பெட்டியக்கூட எழுதியிருக்கீங்க! உங்கள எந்தப் பையில வச்சீங்க?"

"நான் நின்னுக்கறேன்," என்றான் நிக்கிஃபர். "நீ போ."

"உன் முட்டி அடுத்த வருஷம் எப்படி இருக்குமோ. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." பரஸ்கா கொட்டகைப் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "வந்து எனக்குச் சொல்லுங்க, போதும்."

ஒலிங்காவின் சிரிப்பு நின்றது. "சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வேணும்னா நீங்களே வந்து பாத்துக்கங்க." சொல்லிவிட்டுத் தன் கூடாரத்தைத் தூக்கிக் கரையில் எறிந்தாள். "பன்னெண்டு கிலோ. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துக்கறேன்."

"குறட்டை விடுவியேடி!"

"அண்ணன் விடாததா?"

நாற்காலிகளும் மேசையும் இறங்கின, பதினான்கு கிலோ. இரண்டாவது அடுப்பும் இரும்புச் சட்டியும் ஒன்பது. இன்னும் இருபத்தெட்டு குறைய வேண்டும். டெல்பர்ட் மேகத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

பரஸ்கா குனிந்து சாப்பாட்டுப் பையைப் பிரித்தாள். அரிசி, எண்ணெய், உப்பு, தேயிலை நான்கையும் எடுத்து வைத்தாள். மாவு, டப்பா இறைச்சி, சர்க்கரை எல்லாவற்றையும் கரையில் அடுக்கினாள். வேறு யாராவது இப்படிக் கிளம்பியிருந்தால் விட்டிருக்கவே மாட்டாள்.

"பன்னெண்டு நாளைக்கு என்னத்தக்கா சாப்பிடுவீங்க?" டெல்பர்ட் வெளியூர்க்காரன்.

மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். இன்னும் பிடிபடாத மீனைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மீனுக்குக் கேட்கும், கேட்டால் வராது.

"பாத்துக்கலாம்," என்றாள் பரஸ்கா.

"அதான் என்னன்னு கேக்குறேன்."

"வண்டிய எடுப்பா!" என்று அதட்டினான் நிக்கிஃபர்.

சரியாக நானூற்று முப்பது. பரஸ்கா படகு மூட்டைமேல் உட்கார்ந்தாள். விமானம் தண்ணீரை விட்டு எழுந்தபோது நிக்கிஃபரின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண்போல, "ஐயோ, போறோம்! போறோம்!" என்று கத்தினாளாம். ஒலிங்கா இன்றைக்கும் அதை நடித்துக் காட்டுகிறாள்.

முதல் இரண்டு நாள் மழை, வெறும் சோறு. மூன்றாம் நாளிலிருந்து அரிசிப் பையை யாரும் தேடவில்லை.

எங்கே போனாலும் எல்லோருக்கும் மூட்டை கட்டித் தருகிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்குப் பட்டியல் எழுத உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.